முன் சீட்டின் பிளாஸ்டிக் உறை

1

ரோடு டாக்ஸ் கட்டும் மாதம் வந்தால்தான் எனக்கு ஒரு வருஷம் ஓடிவிட்டது தெரிகிறது. மலேசியாவில், நான் இருக்கும் ஈப்போவில் மழைக்காலம், கோடைகாலம் என்று தனித்தனியே கிடையாது. காலையில் வெயில், சாயங்காலம் மழை, மறுநாளும் அதேதான். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம் காலாவதியாகும்போதுதான் பின்னோக்கி எண்ணிப் பார்க்கிறேன். இந்தத் தடவை எண்ணியபோது, என் மகள் பிலோமினா இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போயும் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று தெரிந்தது.

டாக்ஸ் கட்டிவிட்டு வெளியே வந்தால், முன்பின் தெரியாத ஒரு சீனர் என் காரின் ஜன்னலில் மூக்கை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். விற்கிறாயா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். ஆறு வருஷத்துக் கார் என்கிறாய், முன் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதே, இதை ஓட்டினாயா, பூஜை செய்தாயா என்று சிரித்தார். பின் சீட்டைக் காட்டினேன். அங்கே உறை இருந்த அடையாளமே இல்லை. துணியும் தேய்ந்து நூல் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சீட்டில் இதுவரை உட்கார்ந்தது ஒரே ஒரு ஆள்தான். அதுவும் ஒரே ஒரு நாள். நம் ஊர்ப் பத்திரிகையில் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் தங்கள் பங்களாவையும் பனிமலையையும் பற்றி எழுதுகிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு ஜப்பான் கார். அதைப் பற்றித்தான் எழுத முடியும்.

2

எனக்குத் தொழில் டிரைவர். ஆவூரில் பிறந்து புதுக்கோட்டையில் ஸ்டியரிங் பிடித்தவன். சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவரின் வீட்டுக் கார் அது. அவரை நாங்கள் ஐயா என்று மட்டுமே சொல்வோம். இங்கிலீஷ் கார், கறுப்பு, நீளமானது. கீழராஜ வீதியில் திரும்பினால் மாட்டு வண்டிகள் எல்லாம் ஓரத்துக்குப் போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஐயாவும் அவருடைய சிநேகிதரும் பின்னால் உட்கார்ந்து விராலிமலைக்கு வந்தார்கள். சிநேகிதர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். ஐயா வண்டியை நிறுத்தச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"சவரிமுத்து, வண்டிக்குக் காது கெடையாது. ஓட்டுறவனுக்கும் கெடையாது. தெரிஞ்சுக்க."

தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு பின் சீட்டில் யார் என்ன பேசினாலும் என் கழுத்து திரும்பியதில்லை. கேள்வி கேட்டாலும், வண்டி நிற்கும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். நின்று, இறங்கி, பின் கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் பதில். மற்ற டிரைவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். எனக்கோ அதில் பெருமைதான். ஊருக்கே தெரியாத சங்கதி எனக்குத் தெரியும், ஆனால் என்னிடமிருந்து வராது.

சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைக்கப்போகிறார்கள் என்பதையும் அப்படித்தான் கேட்டேன். ஊரில் பேச்சு அடிபடுவதற்கு முன்பே பின் சீட்டில் முடிவாகப் பேசிவிட்டார்கள். ஐயா மெட்ராசுக்குப் போய்விடுவார், கார் விற்கப்படும், என் வேலை போகும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து என் மனைவி ஆரோக்கியமேரியிடம் வாய் திறக்கவில்லை. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவள் சந்தைக்குப் போன இடத்தில் காய்க்காரி வாயால் கேள்விப்பட்டு வந்தாள்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன். செவுத்துகிட்டப் பேசிக்கிட்டிருந்திருக்கேன் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இதில் அவளுக்கு என்ன கோபம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை. வாங்கிய சம்பளத்துக்கு நாணயமாக இருந்தேன் என்றுதான் நினைத்தேன்.

3

நாகப்பட்டினத்தில் மலேயாவுக்குக் கப்பலேறினேன். பிறகு அவளும் வந்து சேர்ந்தாள். முதல் வேலை ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையிடம். அப்போது கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து துரைமார்களைச் சுடுகிற காலம். துரை மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் பேசாத டிரைவர்தான் வேண்டியிருந்தது. நான் நேராகப் பார்த்து ஓட்டினேன். அங்கேதான் பிலோமினா பிறந்தாள்.

மலேயாவுக்குச் சுதந்திரம் வந்து துரை கப்பலேறிய பிறகு, ஈப்போவில் ஒரு சீன முதலாளியின் கார்க் கடையில் சேர்ந்தேன். இங்கே அவர்களைத் தவுக்கே என்று சொல்வோம். என் தவுக்கே கொஞ்ச காலம் இங்கிலீஷ் கார் விற்றார். அப்புறம் ஒரு ஜப்பான் கம்பெனியின் ஏஜென்சியை எடுத்தார். கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஆசிரியர் விளம்பரம் என்று அடித்துவிடுவார். துறைமுகத்தில் வந்து இறங்கும் புதுக் கார்களை ஈப்போவுக்கு ஓட்டிவருவதும், வாங்க வருகிறவர்களை வைத்து ஓட்டிக் காட்டுவதும் என் வேலை. கடையின் சேல்ஸ்மேன் லியோங் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். வாங்குகிறவர் குடும்பத்தோடு பின்னால் இருப்பார். நான் ஓட்டுவேன்.

ஜப்பான் கார் என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சின்ன வயதில் ஆவூர்த் தேர்த் திருவிழாக் கடைகளில் சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார் விற்பார்கள். அடியில் மேட் இன் ஜப்பான் என்று இருக்கும். தேர் நிலைக்கு வருவதற்குள் அதன் சக்கரம் கழன்றுவிடும். அதே ஊரிலிருந்து நான்கு பேர் ஏறுகிற காரா என்று நினைத்தேன்.

லியோங் சரித்திரம் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். உலக யுத்தத்துக்கு முன்பே அந்தக் கம்பெனி சின்னக் கார்கள் செய்துகொண்டிருந்தது. யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்கு லாரி செய்தது. இந்த இடத்தை லியோங் வேகமாகத் தாண்டிவிடுவார். அந்தக் காலத்து ஜப்பான் லாரிகளை இங்கே எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள். தோற்றுப்போன பிறகு கொஞ்ச காலம் கார் செய்யவே விடவில்லை. அப்புறம் ஒரு இங்கிலீஷ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய காரை உதிரி உதிரியாக வரவழைத்துப் பூட்டிப் பழகினார்கள். கை பழகியதும் சொந்தமாகச் செய்தார்கள். அதை முதலில் நம்பி வாங்கியவர்கள் ஜப்பானிய டாக்ஸிக்காரர்கள். டாக்ஸிக்காரன் கையில் பிழைத்த வண்டி எவன் கையிலும் பிழைக்கும் என்று லியோங் முடிப்பார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நான் டிரைவர் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்.

4

வாங்கியவர்கள் பட்ட பாடுகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். இங்கிலீஷ் கார் வைத்திருந்தவர்கள் இதைப் பால் டின் என்று கேலி செய்தார்கள். கதவில் சாய்ந்து நின்று பேசினால் ஒடுங்கிப்போகும் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் மழையில் நனைந்து நின்றாலும் காலையில் ஒரே சாவியில் கிளம்பியது. ரேடியோவும் கடிகாரமும் கேட்காமலே வைத்து அனுப்பியிருந்தார்கள். குளிர் நாட்டுக்கென்று செய்த ஹீட்டரும் அதோடு சேர்ந்து வந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அது காற்று வரும் பொத்தான் என்று நினைத்துத் திருகிவிட்டு, தைப்பிங் வரைக்கும் வேர்வையில் குளித்துப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து லியோங்கிடம் சண்டை பிடித்தார். ஆனால் காரைத் திருப்பித் தரவில்லை.

ஒரு தோட்டத்துக் கிராணியின் அம்மாவை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. ஜப்பான்காரன் காலத்தில் அந்த அம்மாளின் கணவரை லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஆள் திரும்பவில்லை. மகன் புதுக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதும் அந்த அம்மாள் வீட்டுக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். எந்தக் கம்பெனி, எந்த லாரி என்றெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. ஜப்பான், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. மகனுக்கு ஓட்டிப் பழக்கம் போதவில்லை. என்னைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். அந்த அம்மாளைத் தூக்கிவந்து பின்னால் படுக்கவைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் அவர் கண் திறந்து, என் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, இதுக்குச் சத்தமே இல்லியே. அந்த லாரிக சத்தம் ரெண்டு மைலுக்குக் கேக்குமே. இது அவங்க செஞ்சதுதானா?"

நான் பதில் சொல்லவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது அவருக்குப் பேசுகிற நிலை இல்லை. பிழைத்துக்கொண்டார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

5

ஆரோக்கியமேரி இறந்தபோது பிலோமினாவுக்குப் பத்து வயது. அதற்கு அப்புறம் மூன்று வருஷம் கழித்து, துறைமுகத்திலிருந்து நான் புதிதாக ஓட்டிவந்த ஒரு நீலக் காரைத் தவுக்கே எனக்குத் தவணையில் கொடுத்தார். பள்ளிக்கூடம் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். தாயில்லாப் பெண்ணைப் பஸ்ஸில் அனுப்ப மனம் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று துடைத்து, முன்னால் பிரயாணிகளைக் காக்கும் கிறிஸ்தோபரின் சுரூபம் ஒன்றை ஒட்டி, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகள் ராஜாத்தி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். இன்றைக்கு என் பிள்ளைக்கு என் காரின் கதவைத் திறக்கிறேன். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு என்றால் எங்கள் காலத்தில் வேலைக்காரனோ, கூஜா தூக்குகிறவனோ உட்காருகிற இடம். அங்கே என் மகளை உட்காரவைப்பேனா?

பள்ளிக்கூடம் போகும் வழியில் கடைத்தெருவைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"அப்பா, அம்மாவுக்கு இந்தக் கார் புடிச்சிருக்குமா?"

எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. லாரி போயிற்று. அதன் பிறகும் நான் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது மற்றப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வேறு பேச்சு வந்துவிட்டது.

ஐந்து வருஷம் அப்படித்தான் போய்வந்தோம். முதலில் நிறையக் கேட்டாள். அப்புறம் குறைந்தது. அப்புறம் மெதுவாக ஏதோ இங்கிலீஷ் பாட்டை முனகிக்கொண்டு வருவாள். வளர்ந்துவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவள் கன்னியாஸ்திரீகளிடம் இங்கிலீஷும், கடைத்தெருவில் மலாயும் பேசினாள். என்னிடம் தமிழில் சோறு, துணி, பணம் ஆகிய விஷயங்கள் மட்டும் பேசினாள்.

6

நடுவில் ஒருமுறை ஊருக்கு வந்தோம். என் மனைவியின் தம்பி அந்தோணிக்குக் குழந்தை பிறந்து ஞானஸ்நானம். திருச்சியிலிருந்து ஆவூருக்கு ஒரு வாடகைக் காரை அமர்த்தியிருந்தான். டிரைவர் விராலிமலைக்காரர், பெயர் சுப்பையா. நாங்கள் எத்தனை பேர் அதில் ஏறினோம் என்று இப்போது சொன்னால் மலேசியப் போலீஸ் என் லைசென்ஸைப் பிடுங்கிவிடும். எனக்குப் பின் சீட்டில், ஒரு அண்டாவுக்கும் அந்தோணிக்கும் நடுவில் இடம் கிடைத்தது. பிலோமினா முன்னால், சுப்பையாவுக்குப் பக்கத்தில்.

சுப்பையா கிளம்பியதிலிருந்து வாயை மூடவில்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு சுருட்டைச் செருகிவைத்திருந்தார். அது யாருக்கு என்று பிலோமினா கேட்டாள். மலை மேலே இருக்கிற முருகனுக்கு என்றார். அவள் நம்பவில்லை. அவர் ஸ்டியரிங்கை ஒரு கையில் விட்டுவிட்டு, அவள் பக்கம் முழுசாகத் திரும்பி, விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிற வழக்கத்தையும் அது வந்த கதையையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். என் வலது கால் அண்டாவுக்கு அடியில் இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருந்தது. ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே வந்தபோது அதையும் ஏதோ சொல்லித் திட்டினார். பிலோமினா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிக்கிற சத்தத்தை நான் வெகுநாளாகக் கேட்டிருக்கவில்லை.

"மச்சான், மலேயாவுல பொம்மைக் காரு ஓட்டுறீகளாமே. சாவி குடுக்கணுமா, தானே ஓடுமா?" என்று அந்தோணி கிண்டினான். எனக்கு அதில் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் சுப்பையாவின் மேல்தான். தொழில் தெரியாத ஆள் என்று ஆவூர் போய்ச் சேரும்வரை மனசுக்குள் வைதுகொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் அந்தோணியின் மனைவிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தபடி பிலோமினா சொன்னது என் காதில் விழுந்தது.

"அந்த டிரைவர் நல்லவரு அத்தை. கேட்டா பதில் சொல்றாரு."

சின்னப் பெண், விவரம் தெரியாமல் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

7

அவள் இங்கிலாந்து போக நினைப்பதையும் நான் பின் சீட்டிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். மழை நாட்களில் அவளோடு படிக்கும் ஒரு சீனப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வருவேன். இருவரும் இங்கிலீஷில் பேசுவார்கள். துரையிடம் வேலை பார்த்தவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியாதா? பரீட்சை முடிந்ததும் நர்ஸ் படிப்புக்கு மனுப் போடப்போவதாகச் சொன்னாள். அம்மா இறந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். என் மகள் ஏதோ பாட்டை முனக ஆரம்பித்தாள். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன்.

அவள் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. இதை அன்றைக்கே வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். போகாதே என்றோ, போய்விட்டு வா என்றோ, ஏதோ ஒன்று. ஆனால் என்னிடம் சொல்லாததை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்வது எப்படி? பல மாதம் அதை மென்று விழுங்கிக்கொண்டு ஓட்டினேன். பாஸ்போர்ட் மனுவை அவள் மேஜை மேல் வைத்து, இங்கே ஒரு கையெழுத்து என்றபோது, சரி என்று போட்டேன்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமாப்பா?" என்றாள். தாயின் அதே கேள்வி.

தெரியும் என்றேன். அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாஸ்போர்ட் ஆபீஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இருபது வருஷமாக இங்கே உழைத்தும் என் அடையாளக் கார்டு சிவப்பு, குடியுரிமை இல்லாதவன். இங்கேயே பிறந்த அவளுக்கு நீலம். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். கடைசியில் என் பெயரை அதில் எழுதிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து மிஸ் சவரிமுத்து என்று கூப்பிட்டதும், பழக்க தோஷத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள். என் பெயராவது அவளோடு போகிறதே என்று எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது.

8

போவதற்கு முன்னால் அவள் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாள். நான் சொல்லிக்கொடுக்க முன்வரவில்லை. மகளுக்கு யாராவது டிரைவர் வேலை கற்றுத்தருவார்களா? ஒரு சீனரின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முன்னமே எங்கோ கற்றவள் மாதிரி ஓட்டுகிறாயே, எங்கே கற்றாய் என்று அவர் கேட்டாராம். பின் சீட்டில் என்று சொன்னாளாம்.

கோலாலம்பூரில் விமானம் ஏறவேண்டும். கிளம்புகிற காலையில் அவள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்கப்பா. இன்னைக்கு நான் ஓட்டுறேன்."

கொடுத்தேன். ஓட்டுவதற்கு ஒருவர் இருந்தால் மற்றவர் பின்னால்தான் என்று என் கால் தானாகவே பின் கதவுக்குப் போயிற்று. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சொந்தக் காரின் பின் சீட்டில் அன்றைக்குத்தான் முதல்தடவையாக உட்கார்ந்தேன். அங்கேயிருந்து ரோடு சரியாகத் தெரியாது. ஓட்டுகிறவரின் தலைதான் தெரியும். பிலோமினாவின் இரட்டைச் சடை போய் எப்போது ஒற்றைக் கொண்டை ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

அருமையாக ஓட்டினாள். அனாவசியமாக ஹார்ன் இல்லை, குலுக்கல் இல்லை. கம்பார் தாண்டியதும் என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"படிச்சு முடிச்சுட்டு இங்கிட்டு வந்துருவியாம்மா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கக் கேட்டேன். கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. அது ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. வராதவர்கள்தான் பதில் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தலையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு தாப்பா வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தாப்பாவில் ஒரு காப்பிக்கடை ஓரமாக நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜினை நிறுத்தி, இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"தெரியலப்பா," என்றாள். "மூணு வருசப் படிப்பு. அதுக்கப்பறம் என்னன்னு இப்ப சொல்லத் தெரியல."

"அப்ப கேட்டுச்சா ஒனக்கு?"

"கேட்டுச்சே. வண்டி ஓடிக்கிட்டிருக்கு, எப்படிச் சொல்றது? நீங்க சொல்ல மாட்டீங்கள்ல."

அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி, ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் சொல்வது போல் சொன்னாள். ஓட்டுகிறவர் பேசக் கூடாது என்பதும் கியர் போடுவதைப் போல ஒன்று என்றுதான் அவள் என்னைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். காப்பி வேண்டாம் என்றேன்.

மறுபடி கிளம்பும்போது நான் முன் கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறை அப்பளம் மாதிரி நொறுங்கிச் சத்தம் போட்டது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளப்பினாள். பீடோர் வருவதற்குள் நான் சொன்னேன்.

"ஒங்கம்மாவுக்கு இந்தக் கார் புடிச்சிருக்கும்."

சிக்னல் போட்டாள். வேகத்தைக் குறைத்து இடதுபக்கமாக ஓரங்கட்டினாள். இன்ஜினை நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அம்மா எங்க ஒக்காந்திருப்பாங்க?" என்றாள்.

"இங்கதான்," என்றேன். "பின்னாடி ஏறவே மாட்டா."

அதற்கு மேல் அன்று எத்தனை இடத்தில் நின்றோம் என்று எனக்கு நினைவில்லை. ஓட்டிக்கொண்டே பேச அவளுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆகவே அவளுக்கு ஏதாவது சொல்லத் தோன்றும்போதெல்லாம் ஓரங்கட்டினாள். எனக்குத் தோன்றியபோது நான் கையைக் காட்டினேன், அவள் நிறுத்தினாள். பின்னால் வந்த லாரிக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ. சமஸ்தானம் போன கதையை அவளுக்கு அன்றைக்குத்தான் சொன்னேன். பின் சீட்டில் உட்கார்ந்து தான் என்னென்ன நினைத்தாள் என்பதை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலிம் ரிவர் பக்கத்தில் நின்றபோது, என் கழுத்துக்குப் பின்னால் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு மச்சம் இருக்கு, ஒங்களுக்குத் தெரியுமா? நீங்க பதில் சொல்ல மாட்டீங்கன்னு, எல்லாத்தையும் மனசுக்குள்ள இதுகிட்டதான் சொல்லிக்கிட்டு வருவேன்."

எனக்குத் தெரியாது. விமானத்தைப் பிடித்ததே பெரும்பாடாகிவிட்டது.

9

காரை விலைக்குக் கேட்ட அந்தச் சீனர் போன பிறகு வீட்டுக்குக் கிளம்பினேன். புதிய வட்டக் காகிதம் கண்ணாடியில் பளிச்சென்று இருந்தது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. பிலோமினா மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். பனி, பரீட்சை, உருளைக்கிழங்கு என்று எழுதுகிறாள். திரும்பி வருவதைப் பற்றி அவள் எழுதவில்லை, நானும் கேட்டு எழுதவில்லை.

வழியில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஓரங்கட்டினேன். இன்ஜினை நிறுத்தினேன். இப்போதெல்லாம் அடிக்கடி இப்படி நிறுத்துகிறேன். பக்கத்துச் சீட்டில் நான் உட்கார்ந்ததில் நொறுங்கிய இடத்தில் மட்டும் உறை கிழிந்து, அடியிலிருக்கும் நீலத் துணி புதிதாகத் தெரிகிறது. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.